23ஆம் நம்பர் பிள்ளை

கேள்வி: அம்மா, ஆலங்குளம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பில் 46 பிள்ளைகள், பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், நாலைந்து பேர் முஸ்லிம். பாடம் தொடங்கும் முன் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் ஜெபம் பண்ணுவேன். போன வாரம் ஒரு பிள்ளையின் அப்பா வந்து, "டீச்சர், கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூத்த டீச்சர் ஒருவரோ, "ஜெபம் பண்ணாம பாடம் எடுக்கிறவ சம்பளத்துக்கு வந்தவ" என்கிறார். கணக்கே வராத ஒரு பையனுக்காக நாலு மாதமாகத் தினமும் ஜெபிக்கிறேன். காலாண்டில் 11 மார்க், அரையாண்டில் 9. இன்னொரு பிள்ளை, அவள் இந்து, "எங்க அப்பா குடிக்காம இருக்க ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்று அழுதாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் வேலையில் ஜெபத்துக்கு என்ன இடம்? நான் செய்வது சரிதானா?

பதில்:

டீச்சர், அந்த அப்பா சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களை இந்தக் கடிதம் எழுத வைத்ததே அவர்தான், மற்றதெல்லாம் அவர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் மேல் வருத்தப்படாதீர்கள். ஹெச்.எம். அறைக்குப் போகாமல், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வராமல், உங்களிடமே நேராக வந்து சொல்லியிருக்கிறார். உங்கள் மேல் மரியாதை இல்லாதவர் அப்படி வரமாட்டார்.

அவர் கேட்டது நியாயமும்கூட. அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவை நாமெல்லாம் பி.எட். பரீட்சைக்குப் படித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மதபோதனையே கூடாது என்கிறது அது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறுகிற நம்முடையது போன்ற பள்ளியில் ஜெபம் நடக்கலாம், ஆனால் அதில் கலந்துகொள்ளச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். சிறுபான்மையினர் பள்ளி நடத்துகிற உரிமை 30ஆவது பிரிவில் இருக்கிறது, சரி, அதற்காக 28 இல்லாமல் போய்விடாது. அசெம்பிளி ஜெபம் நிர்வாகத்தின் பாடு, அதை ஹெச்.எம். பார்த்துக்கொள்ளட்டும். வகுப்பறைக்குள் நடப்பது உங்கள் பாடு. நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பீர்கள். 45 பேர் எழுந்து நிற்கும்போது ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்குமா, அதுவும் மார்க் போடுகிற சிவப்புப் பேனா உங்கள் கையில் இருக்கும்போது?

அதனால் அதை நிறுத்திவிடுங்கள். வேண்டுமானால் பாடம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். விளையாட்டுப் பீரியட் முடிந்து வேர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளைகளுக்கு அது தேவைதான். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் வாய் திறக்காமல் ஜெபியுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபம்பண்ணச் சொன்னது அந்த அப்பா இல்லை, மத்தேயு ஆறாம் அதிகாரம்.

சட்டத்துக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா நன்றாகக் குடிப்பார், தெருவில் விழுந்து கிடப்பார், அது எனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் அவன் கண் வீங்கி வந்ததைப் பார்த்ததும் எனக்கு உள்ளம் பொங்கிவிட்டது. வகுப்பை எழுப்பி நிறுத்தி, அவன் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் தகப்பனைக் குடியிலிருந்து விடுவியும்" என்று கண்ணீரோடு ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு பெருவிரலால் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது. பின் பெஞ்சில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா வந்தாள், கேட்டுக்கு உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு, "எங்க வீட்டு விஷயத்த ஊரெல்லாம் சொல்லிட்டியளே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சத்தம்கூடப் போடவில்லை. அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன், அவன் வெளியே வரவே இல்லை. அந்த வருடம் முழுக்க என்னிடம் ஒரு சந்தேகம் கேட்கவில்லை, நானாகப் போய்க் கேட்டாலும் "புரிஞ்சிட்டு டீச்சர்" என்பான்.

ஜெபம் பண்ணினேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பண்ணினது கோள். கடவுளிடம் சொல்கிற சாக்கில் ஐம்பது பேரிடம் சொன்னேன். (ஸ்டாஃப் ரூமில் மத்தியானம் நடக்கிற ஜெபத்திலும் இது உண்டு, உங்களுக்கே தெரியும். "ஜெபக்குறிப்பு" என்று ஆரம்பித்து எந்தப் பிள்ளை யாரோடு பேசுகிறது, எந்தப் பிள்ளையின் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது வரை வரும். அந்தக் குறிப்பு வேண்டாம் டீச்சர், எழுந்து நோட்டுத் திருத்தப் போய்விடுங்கள்.)

அதற்கப்புறம் ஜெபத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். விடிகாலையில் கடுங்காப்பியும் கையுமாக அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் ரெஜிஸ்டர் வரிசைப்படியே எல்லாப் பெயரையும் எழுதிவைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பெயர். ஐம்பது பேர் என்றால் பள்ளி நடக்கிற இரண்டு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: "ஆசீர்வதியும், ஞானத்தைத் தாரும்" என்று எல்லாருக்கும் பொதுவாக ஓட்டக்கூடாது, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இந்த வாரத்தில் நான் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தையாவது சொல்ல வேண்டும். முதல் நாலு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் 23ஆம் நம்பரில் நின்றுவிட்டேன். பெயர் தெரிகிறது, முகம் தெரிகிறது, எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னின இரட்டைச் சடை தெரிகிறது, அதற்கு மேல் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. சேட்டை பண்ணாத, கை தூக்காத, லீவு போடாத பிள்ளை. நாம் "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காத பிள்ளை. ஆறு மாதமாகத் தினமும் அவள் பெயரைக் கூப்பிட்டு "உள்ளேன்" வாங்கியிருக்கிறேன், கடவுளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்றைக்கு வகுப்பில் அவளைப் பார்த்தேன். இடதுகைக் கட்டைவிரலில் கத்திரி பட்ட சின்னச் சின்ன வெட்டு, ஆறினதும் ஆறாததுமாக. நகத்தோரம் பழுப்பு. மத்தியானம் முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். அம்மா பீடி சுற்றுகிறாள், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கொடுக்க வேண்டும். அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், பணம் வந்தால் உண்டு. இலை வெட்டுவதும் முனை மடிப்பதும் இவள் வேலை, ராத்திரி பதினொன்று ஆகும். "அப்போ ஹோம்வொர்க் எப்பம்மா பண்ணுவ?" என்றேன். "அம்மா கணக்கு முடிஞ்சாத்தான் என் கணக்கு டீச்சர்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பீடி சுற்றாதே என்று சொல்ல நான் யார், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதே அதில்தான். சத்துணவு முடிந்ததும் அரைமணி நேரம் என் வகுப்பில் உட்கார்ந்து ஹோம்வொர்க்கை முடிக்கச் சொன்னேன். மற்ற டீச்சர்களிடம் காரணம் சொல்லாமல், அவளை வெளியே நிற்கவைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை தருகிற கல்வி உதவித்தொகை இருக்கிறது, அதற்கு அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டை வேண்டும், அட்டை எங்கோ பெட்டிக்கடியில் கிடந்தது, அதைத் தேடி எடுக்க வைத்தேன். முழு ஆண்டில் 61 வாங்கினாள். அந்த 61 ஜெபத்தால் வந்ததா, அரைமணி நேரத்தால் வந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குப் பிரிக்கத் தெரியாது. அன்று காலையில் 23ஆம் நம்பரில் நான் நின்றிராவிட்டால் அவளை அந்த வருடம் முழுக்கப் பார்த்திருக்கவே மாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

சாமுவேல் ஜனங்களிடம் சொல்கிற இடம் ஒன்று உண்டு, ஒன்று சாமுவேல் 12:23. உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாமல் இருந்தால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்பான். நம் கூட்டங்களில் அந்தப் பாதியைத்தான் எடுத்துப் பிரசங்கிப்பார்கள். அதே வசனத்தின் மறுபாதியில், நல்ல வழியை உங்களுக்குப் போதிப்பேன் என்கிறான். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளிக்கு ஒருமுறை போயிருந்தபோது பிள்ளைகள் கைச்சைகையில் ஜெபித்ததைப் பார்த்தேன். ஒருவர் முன்னால் நின்று கையால் சொல்கிறார், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒருவரும் கண்ணை மூடவில்லை. மூடினால் ஜெபம் தெரியாதே. பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அழுத பிள்ளைக்கு வருகிறேன். அவள் உங்களிடம் கேட்டது பெரிய விஷயம், "இது எங்கள் மதம், அது உங்கள் மதம்" என்று குழம்பி நிற்காதீர்கள். நம் ஊரில் பொட்டல்புதூர் பள்ளிவாசலில் இந்துக்கள் நேர்ந்துகொள்வதில்லையா? பரீட்சை நேரத்தில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாருங்கள், நெல்லையப்பர் கோயில் விபூதியும் நம் கோயிலில், அதாவது சர்ச்சில், போதகர் ஐயர் ஜெபித்துக் கொடுத்த பேனாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், சண்டை போடாது. "சரிம்மா, கண்டிப்பா பண்றேன்" என்று சொல்லுங்கள். அந்த இடத்திலேயே கண்ணை மூடவைக்க வேண்டாம், தலையில் கை வைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவே வேண்டாம். பிள்ளை மனம் உடைந்து நிற்கிற நேரத்தில் அதைச் சொன்னால் அவள் கஷ்டத்தை வைத்து ஆள் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும், அந்தப் பெயர் ஒருதடவை வந்தால் அப்புறம் எந்தப் பிள்ளையும் உங்களிடம் வந்து அழாது.

ஆனால் "ஜெபிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம். உடுக்கத் துணியில்லாதவனைப் பார்த்து "சமாதானத்தோடே போ" என்று சொன்னால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறானே. கேளுங்கள்: அப்பா அடிக்கிறாரா, ராத்திரி எங்கே படுக்கிறாய், பக்கத்தில் ஆச்சி வீடு, சித்தி வீடு ஏதாவது இருக்கிறதா? பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். அடியும் ஆபத்தும் இருக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட வேண்டியது நீங்கள்தான். பிள்ளையிடம் யாரோ தப்பாக நடந்திருக்கிறார்கள் என்று தெரியவந்தால் 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். "குடும்ப மானம் டீச்சர், ஜெபத்தில் வைத்துக்கொள்வோம்" என்று யாராவது பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுவார்கள். கேட்காதீர்கள்.

வகுப்பறையில் எனக்கு ரொம்பக் கைகொடுத்த ஜெபம் ஒரே ஒரு வரி, சங்கீதம் 141இல் இருப்பது: என் வாய்க்குக் காவல் வையும். கோபம் வரும்போது போர்டு பக்கம் திரும்பி, ஏற்கனவே எழுதியிருக்கிற தேதியை அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவேன், அந்த நேரத்துக்குள் இந்த வரியைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு ரொம்ப வருடம் இது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய மாணவர் கூட்டத்தில் ஒருத்தி, "நீங்க தேதிய அழிச்சு எழுதினா நாங்க கப்சிப்புன்னு ஆயிருவோம் டீச்சர்" என்றாள். காலையில் முழங்கால் போட்டுவிட்டு பத்து மணிக்குப் பிரம்பு எடுத்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடுத்துவிட்டது, அதற்கு முன் நானும் எடுத்தவள்தான். அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். நம் மாவட்டத்தில் பிள்ளைகள் கையில் கட்டுகிற கலர்க் கயிறு இன்ன சாதி என்று காட்டத்தான், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூடப் படிக்கிற பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லியிருக்கிறது. "எங்கள் பிதாவே" என்று தினமும் சொல்கிற பள்ளிகளிலும் பெஞ்சு பெஞ்சாகச் சாதி உட்கார்ந்திருக்கிறது, நம் சபைகளிலும் உட்கார்ந்திருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ரெஜிஸ்டர் வரிசையில் ஜெபிப்பதில் எனக்குக் கிடைத்த ஒரு லாபம், யார் பெயரில் மனம் சீக்கிரம் நகர்கிறது, யார் பெயரில் நின்று உருகுகிறது என்பது தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. தெரிந்தது பிடிக்கவில்லை. அடுத்த நாளே உட்காரும் இடத்தை மாற்றி வாரத்துக்கு ஒருமுறை சுழலவிட்டேன்.

"சம்பளத்துக்கு வந்தவ" என்ற டீச்சரிடம் வாதாடாதீர்கள். நானும் சம்பளத்துக்கு வந்தவள்தான், ஒன்றாம் தேதி பேங்கில் விழாவிட்டால் வீட்டில் சோறில்லை. நம் கிராமங்களில் ஒரு காலத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைதான், சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார்தான் வாத்தியார். ஜெபத்தை முடித்துவிட்டு அதே தரையில் சிலேட்டை எடுத்தார்கள். சாராள் தக்கர் அம்மாவை நினைத்துப் பாருங்கள், பாளையங்கோட்டையில் எத்தனையோ ஆயிரம் பெண்கள் படித்த நிறுவனத்துக்கு அவர் பெயர், ஆனால் அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. இங்கிலாந்தில் உடம்பு முடியாமல் இருந்தபடியே, சென்னையிலிருந்து சகோதரர் எழுதிய விவரங்களை வைத்து இந்த ஊர்களைப் பற்றி எழுதினார். ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காதவர். உங்கள் முன்னால் 46 முகம் இருக்கிறது.

பரீட்சை பற்றி ஒரே வார்த்தை. மார்ச் மாதம் ஹால்டிக்கெட்டோடு கோயிலில் சிறப்பு ஜெபம் வைப்பார்கள், நல்லதுதான், பயம் தெளியும். "ஜெபம் பண்ணினா பாஸ் ஆயிருவ" என்று மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. ஃபெயிலான பிள்ளை அதைத் தலைகீழாகத் திருப்பி யோசிக்கும்.

கடைசியாக அந்த 9 மார்க் பையன். நாலு மாதமாக என்னவென்று ஜெபித்தீர்கள்? "அவனுக்குக் கணக்கு வரட்டும்" என்றுதானே? அதைச் சொல்ல அவனைத் தெரிந்திருக்கவே வேண்டாமே டீச்சர், ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த இடத்தில் விழுந்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் நிற்கிறவன் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் விழுந்தவனாக இருக்கமாட்டான், என் அனுபவத்தில் பின்னத்திலோ குறை எண்ணிலோ விழுந்து, அதற்கப்புறம் போர்டைப் பார்த்து அப்படியே எழுதி எழுதி வந்திருப்பான். இன்று ராத்திரி ஒரு தாள் தயார் பண்ணுங்கள், பத்துக் கணக்கு போதும். 503இல் 278 போனால் எவ்வளவு, 7 எட்டு எத்தனை, முக்காலும் மூன்றில் இரண்டும் வைத்தால் எது பெரிது, மைனஸ் 3உடன் 5ஐக் கூட்டினால் என்ன, இப்படி நாலாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வாருங்கள். மற்றவர்கள் முன்னால் கொடுக்காதீர்கள். இடைவேளையில் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழுதுவதைப் பாருங்கள், விடையைவிட அவன் பென்சில் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். நாளைக் காலையில் அவன் பெயர் வரும்போது அதைச் சொல்லி ஜெபியுங்கள்.

தாளில் மார்க் போட வேண்டாம். எத்தனையாவது கணக்கில் நின்றான் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து எப்படிப் பிடித்து ஏற்றலாம் என்று அடுத்த தடவை பேசுவோம்.